கட்டி, கட்டை

பாகாவ் ஆலையின் எடைப்பாலத்தில்
பதினெட்டு வருஷமாக லாரி நிறுக்கிறேன்.
இருபது கிலோவுக்குக் கீழே
என் தராசு வாய் திறக்காது.
சிரம்பான் ஆஸ்பத்திரியில் என்னிடமிருந்து எடுத்தது
கர்ப்பப்பையோடு சேர்த்து ஒரு கிலோ இருநூறு.
பாலத்தில் வைத்திருந்தால் பூஜ்யம்.

முதலில் அது வெறும் வயிறு.
"நாற்பத்தாறு வயசுல மாசமா, தவமணி?" என்று
கேன்டீன் அஞ்சலை குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.
பிறகு கட்டி.
ஸ்கேனுக்குப் பிறகு ஃபைப்ராய்டு.
அந்தச் சொல்லைச் சொன்னதும் நாலு பேர் கிட்டே வந்து
எலுமிச்சை, ஆரஞ்சு, கொய்யா என்று
அவரவர் அளவைச் சொன்னார்கள்.
சந்தைக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.
யாருக்கும் பயமில்லை. எனக்கும்.

அறுவைப் பாரத்தில் மலாயில் எழுதியிருந்தது:
தூமோர் ஓத்தோட் லிச்சின்.
லிச்சின் எனக்குத் தெரியும்.
எண்ணெய் சிந்திய ஆலைத் தரையில்
மஞ்சள் பலகை நிற்கும்: அவாஸ், லிச்சின்.
வழுக்கும், பார்த்துப் போ.
உள்ளே இத்தனை நாள்
பலகை வைக்காமல் விட்டது யார்?

நர்ஸ் ரொக்கியா சிரித்தாள்.
கைத்தசையில் வரி வரியாக இருக்கும், தூக்கு என்றால் தூக்கும்.
இதில் வரி கிடையாது, வழவழப்பு.
குடல், ரத்தக்குழாய், கர்ப்பப்பை,
எதுவும் உன்னைக் கேட்டு வேலை செய்வதில்லை என்றாள்.
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைத் தசை
விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றிருக்கிறது.
பெரட்டுக்குப் பேர் கொடுக்காத ஒன்று
எனக்குள்ளேயே இருந்திருக்கிறது.
வலியிலும் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அறிக்கை.
டாக்டர் ஹர்வீன் கோர் பேனாவை மூடித் திறந்தாள்.
ஸ்டம்ப் என்றாள்.
நீண்ட பெயரின் முதலெழுத்துகளாம் அவை:
மென்தசைக் கட்டி, கெட்டதாகுமா என்பது நிச்சயமில்லாதது.
கண்ணாடிக்கடியில் வைத்து
பிளந்து பெருகும் செல்களை எண்ணியிருக்கிறார்கள்.
நல்லது என்று கையெழுத்திட எண்ணிக்கை அதிகம்,
புற்று என்று எழுதக் குறைவு.

கட்டியிலிருந்து கட்டைக்கு
எத்தனை தூரம், ஒரு டி, ஒரு டை.

ரப்பர் நர்சரியில் ஸ்டம்ப் என்றால் ஒட்டுக்கட்டை.
தலையை வெட்டி நட்டாலும்
பக்கத்துக் கண்ணிலிருந்து துளிர்க்கும்.
செம்பனையில் ஸ்டம்ப் என்றால்
மறுநடவில் தோண்டாமல் விட்ட அடிமரம்.
காளான் பிடித்து, மண்ணுக்கடியிலேயே நடந்து
அடுத்த கன்றின் வேரைத் தொடும்.
இதில் எந்த ஸ்டம்ப், டாக்டர்?
அவள் தோட்டத்தைப் பார்த்தவளில்லை.
ஆனாலும் கேள்வி புரிந்துவிட்டது.
அதுதான் எங்களுக்கும் தெரியவில்லை என்றாள்.
வெள்ளைக்கோட்டு போட்ட ஒருவர்
அப்படிச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

இன்சூரன்ஸ் கோபிநாதனின் பாரத்தில் இரண்டே கட்டம்.
புற்று. புற்று இல்லை.
ஒன்றில் கோடு போடுங்க அக்கா, மெஷின் ஏற்காது என்றான்.
தம்பி, எங்கள் களத்தில்
பழம், காய் என்று பிரித்த பிறகும்
அரைப்பழம் என்று ஒரு குவியல் கிடக்கும்.
விலையில் பிடிப்பார்கள்,
ஆனால் அதற்கும் ஒரு பேர் உண்டு, ரசீதும் உண்டு.
அவன் வாட்சைப் பார்த்தான்.

அஞ்சலையிடம் இன்னும் ஃபைப்ராய்டு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.
அம்மாவிடம் கட்டி.
ஆறு மாதத்துக்கொரு முறை சிரம்பான் பஸ்ஸில்
எனக்கு நானே எதுவும் சொல்வதில்லை.

மழை. லாரி ஏறுகிறது.
சிவப்பு எண்கள் குதிக்கின்றன,
பதினாலாயிரத்து இருநூற்று இருபது,
நாற்பது, மறுபடி இருபது.
ரம்லான் ஹாரன் அடிக்கிறான்,
ஜன்னலில் தலையை நீட்டி ஏதோ கத்துகிறான்.
பொறுடா.
எண் நிற்காமல் நான் எழுதியதில்லை.